எள் போடாத பன்

பிப்ரவரி 6

அண்ணி,

கவரைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஃபோனில் சொல்லக்கூடிய விஷயம், ஆனால் ஃபோனில் சொல்ல முடியாது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை. பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்கு வலது கை போனது, பாதிப் பேச்சு போனது, காது மட்டும் முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. நான் உள்ளே சர்க்கரை டப்பாவைத் திறந்தால் ஹாலில் தொண்டையைக் கனைக்கிறார்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒரு ராத்திரி ரயில் பயணத் தூரத்தில், துறைமுகம் இருக்கிற ஊரில், ஒரு பேக்கரி. நான் வீட்டில் சுட்டு விற்கிற, உள்ளே இனிப்புப் பயறு வைத்த ஜப்பான் பன்னை நம் வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் அந்த பேக்கரிக்கார அம்மாவிடம் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவே கூப்பிட்டுப் பேசினார். நான் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினேன். "யார்கிட்டம்மா கத்துக்கிட்டே?" என்றார். மேல் வீட்டில் குடியிருந்த ஜப்பான் இன்ஜினியரின் மனைவி என் சமையலறையில் நின்று பாதி சைகையிலும் பாதி சிரிப்பிலும் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். "அப்ப சரி, ஏப்ரல் முதல் தேதி வந்துடு, கடைக்கு மேலேயே ரூம் இருக்கு" என்று முடித்துவிட்டார்.

எனக்கென்று ஒரு அறை, அண்ணி. சாத்தினால் சாத்தியபடி இருக்கிற கதவோடு.

அப்பாவை நீங்களும் அண்ணனும் அழைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் உங்களில் ஒருவர் இங்கே வர வேண்டும். இரண்டு வருடமாக நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். அண்ணனுக்கு எழுதினால் "பார்க்கலாம்" என்பான். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அதையேதான் சொன்னான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இதோடு ஒரு டப்பா பன் அனுப்பியிருக்கிறேன். மேலே கறுப்பு எள் போட்டது முழுப் பயறு, கசகசா போட்டது மசித்துச் சலித்த பயறு. உடைத்துப் பார்க்காமலே தெரிவதற்காக அவர்கள் ஊரில் செய்யும் ஏற்பாடு இது.

சுண்டு


பிப்ரவரி 15

சுண்டு,

கவரைப் பார்த்து பயப்படலை, படிச்சப்புறம்தான் பயந்தேன்.

முதல்ல சந்தோஷம். நிஜமாவே சந்தோஷம். உன் பன்னை எங்க கிளினிக்ல பல் டாக்டருக்கும் கொடுத்தேன். இனிப்பு சாப்பிடாதீங்கன்னு நாள் பூரா ஊருக்கு உபதேசம் பண்ற மனுஷன், கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு சாப்பிட்டார்.

இப்போ உன் விஷயம். எங்க வீடு உனக்குத் தெரியாதா? மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை, ரெண்டு ரூம். கட்டிலைப் போட்டா கதவு திறக்காது. மாமாவை மேலே தூக்கிட்டு வந்துட்டா அவர் மறுபடி மண்ணைப் பார்க்கிறது எப்போ? உங்க அண்ணனுக்கு அச்சகத்துல வாரம் ஒரு ஷிப்ட் மாறுது. நான் காலையில போனா சாயங்காலம் வரேன். இதெல்லாம் சாக்குன்னு நீ நினைப்பே. சாக்குதான். ஆனா நிஜமான சாக்கு.

உங்க அண்ணன்கிட்ட மெதுவா சொல்லிப் பார்த்தேன். என்ன சொன்னார்னு நான் எழுத வேண்டாம், நீயே எழுதிட்டே.

பார்த்துக்க ஒரு ஆள் போடலாமே? எங்க கிளினிக்குக்கு வர ஒரு அம்மா மூலமா ஒரு நர்ஸ் கிடைப்பாங்க. அனுப்பறேன். மாமா பழகிட்டா நீ நிம்மதியா கிளம்பலாம்.

இன்னொண்ணு. அந்தப் பன்னை நானும் வீட்டுல செஞ்சு பார்த்தேன். மேலே கூரை மாதிரி எழும்பி நின்னுச்சு, கீழே பயறு தனியா உட்கார்ந்திருந்தது, நடுவுல வெறும் காத்து. உங்க அண்ணன் "வீடு நல்லாருக்கு, குடி வரலாமா?"ன்னு கேட்டார். என்ன தப்பு?

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

பன்னின் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். உருண்டையைத் தட்டும்போது ஓரத்தை மெல்லிசாகவும் நடுவைக் கனமாகவும் விடுங்கள். பயறை வைத்து மூடி, மூடிய பக்கத்தைக் கீழே வைத்து, ஓவனில் தள்ளுவதற்கு முன் நடுவில் கட்டைவிரலால் தட்டு தொடும்வரை ஒரு அழுத்து அழுத்துங்கள். பாவம் பார்க்காதீர்கள். மேல் மாவும் உள்ளே இருப்பதும் ஒட்டிக்கொள்ளும், காற்று புகாது. அந்த ஜப்பான் அம்மா என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்திக் காட்டினார்.

இனி மற்றது. நீங்கள் அனுப்பிய நர்ஸம்மா வந்தார். தங்கமான மனுஷி. "பெரியவரே, ஒரு வாய்" என்று ஸ்பூனை நீட்டினார். அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். காலையில் மூடிய வாய் சாயங்காலம் வரை திறக்கவில்லை. மறுநாளும் அப்படியே. பால் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குப் போனது. மூன்றாம் நாள் டாக்டர் பயமுறுத்தினார், நான் ஸ்பூனை வாங்கினேன். கிளிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். நர்ஸம்மா பையை எடுத்துக்கொண்டு, "பொண்ணு கையைத் தவிர வேற கை அவருக்குச் செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புகழ்ந்துதான் சொன்னார். எனக்கு யாரோ வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது.

அவருக்கென்று நான் தனியாக ஒரு பன் செய்கிறேன். சலித்த பயறு, மேலே எள் கிடையாது, கசகசா கிடையாது. தொண்டையில் மாட்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அப்படித்தான். பாலில் ஊறவைத்துப் பிசைந்து ஊட்டுகிறேன்.

என் நாளைக் கேளுங்கள். மாவு பொங்கும் நேரம் அப்பாவுக்குத் துடைப்பு. ஓவன் சூடாகும் நேரம் எனக்குக் குளியல். பன் வேகும்போது துணி. தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்திருப்பார். "எங்கே போனே?" அவர் வாயில் எல்லா வார்த்தையும் குழறுகிறது. இந்த இரண்டு மட்டும் ரேடியோவில் வருவது போலத் தெளிவாக வருகிறது.

நர்ஸைக் கேட்டேனா, அண்ணி? உங்களைத்தானே கேட்டேன்.

சுண்டு


மார்ச் 9

சுண்டு,

கடைசி வரி நல்லா சுட்டுச்சு.

நானும் மனசுல இருக்கிறதை எழுதிடறேன். இந்த வீட்டுல பெத்த பிள்ளைன்னு ஒருத்தர் இருக்கார். அவரை விட்டுட்டு எல்லாரும் ஏன் என் முகத்தையே பார்க்கறீங்க? உங்க அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டு ஷிப்டுக்குப் போயிடறார், நான் மட்டும் கெட்டவளா நிக்கறேன். எங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்போ ஒரு வாரம் லீவு போட நான் அந்த டாக்டர்கிட்ட எப்படிக் கெஞ்சினேன்னு உனக்குத் தெரியுமா? நீ கேட்டதே இல்லை. நான் எப்படி இருக்கேன்னு உன் ரெண்டு லெட்டர்லயும் ஒரு வரி கிடையாது. எண்ணிப் பாரு.

மாமா உன் கையைத் தவிர வேற கையால சாப்பிட மாட்டார்னு தெரிஞ்சப்புறம் நான் வந்து என்ன பண்ணப்போறேன்? பட்டினி போடவா? அந்த பேக்கரிக்கார அம்மாகிட்ட தேதியைத் தள்ளிப்போடச் சொல்லு. வேலை ஓடியா போகும்?

கட்டைவிரல் வெச்சு அழுத்தினேன். கோபத்துல அழுத்தினேன், அதனால நல்லா வந்திருக்கு.

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கேட்டுவிட்டேன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். இந்த வீட்டுக்குள்ளேயே கிடந்து, வெளியில் இருப்பவர்கள் எல்லாரும் சுகமாக இருப்பதாகவே நினைக்கப் பழகிவிட்டேன்.

வேலை ஓடித்தான் போகும். தேதியைத் தள்ளிக் கேட்டேன். "இன்னொருத்தியைப் பார்த்து வெச்சிருக்கேன், ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள நீ வரலைன்னா அவளைச் சேர்த்துக்குவேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

சமையலறையில் இடம் போதாமல், சுட்ட பன்னை ஹாலில் அப்பா கட்டிலை ஒட்டின மேஜையில்தான் ஆறவைப்பேன். மின்விசிறி அங்கேதான் இருக்கிறது. இன்று முழுப் பயறு, எல்லாவற்றின் மேலும் கறுப்பு எள். ட்ரேயை வைத்துவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்து அப்பாவுக்கு முகம் துடைத்தேன். மீசையில் ஒரு எள் ஒட்டியிருந்தது.

காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்துத் துண்டால் எடுத்தேன். உதட்டோரத்தில் இன்னொன்று. பல்லிடுக்கில் பயறுத் தோல். ட்ரேயைத் திரும்பிப் பார்த்தேன். நான் பன்னை எப்போதும் நெருக்கமாக அடுக்குவேன், உங்களுக்குத் தெரியும். இப்போது எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் விலகி, இடைவெளி தெரியாதபடி அழகாகப் பரவி உட்கார்ந்திருந்தன.

அண்ணி, மேஜை அவருடைய வலது பக்கம் இருக்கிறது. இடது பக்கம் சுவர். இடது கை மேஜைக்கு எட்டாது.

போன கை எடுத்திருக்கிறது, பிய்த்திருக்கிறது, வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறது. பாலில் ஊறாத பன்னைத் தோலோடு மென்று விழுங்கியிருக்கிறார். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல ட்ரேயைச் சரிசெய்து வைத்திருக்கிறார். கடிகார ரிப்பேர் செய்த மனுஷன் இல்லையா, திறந்ததை மூடத் தெரியும்.

நான் துண்டில் இருந்த எள்ளைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே போய், எள் போடாத பன்னைக் கிண்ணத்தில் பாலோடு பிசைந்து எடுத்துவந்து ஊட்டினேன். அவரும் வாயைத் திறந்தார். வயிறு நிறைந்திருந்தும் மறுக்காமல் முழுதும் சாப்பிட்டார்.

மாடியில் பேசினாலும் அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் போய்விடுவேன் என்று தெரிந்திருக்கிறது. ஆத்திரம் வருகிறது, அண்ணி. அந்தக் கிண்ணத்தை அவர் முன்னாலேயே போட்டு உடைக்கத் தோன்றியது. ஆனால் கேட்டுவிட்டால் அப்புறம் அவருக்கு என்ன இருக்கிறது? பொய் ஒன்றுதான் அவரிடம் பாக்கி. அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. நோய் கட்டிவைத்திருந்தால்கூட எனக்குச் சமாதானம் இருந்தது. இப்போது அவர் நடிக்கிறார், நான் நடிப்புக்கு ஊட்டுகிறேன். இரண்டு பேரும் ஒரே அறையில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுண்டு


மார்ச் 22

சுண்டு,

உங்க அண்ணன்கிட்ட சொல்லலை. இந்தக் கடுதாசியை கிளினிக் பாத்ரூம்ல நின்னு ரெண்டு தடவை படிச்சேன்.

நான் வரேன். முப்பதாம் தேதி காலையில வந்துடுவேன். பெட்டியைக் கட்டிச் சமையலறையில வை. நான் உள்ளே நுழைஞ்சதும் நீ கிளம்பிடணும். உட்கார்ந்து பேசறது, அழறது, பரிமாறிட்டுப் போறது ஒண்ணும் வேண்டாம். நீ ஒரு ஸ்பூன் எடுத்தே, போச்சு.

போனப்புறம் ஃபோன் பண்ணாதே. உன் குரல் காதுல விழுந்தா அந்த வாய் மூடிக்கும். எழுது.

எனக்கும் அவர் மேல கோபம்தான். ஆனா உனக்காக வரேன், அவருக்காக இல்லை. நான் எப்படி இருக்கேன்னு கேட்டியே, அதுக்கும் சேர்த்து.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணி,

வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்கி, "அப்பா, வரேன் வரேன்" என்று சொல்லி விழித்திருக்கிறேன். எதிர் சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பேக்கரியில் ஓவன் நம் குளியலறை அளவு இருக்கிறது. மாவை மெஷின் பிசைகிறது. நான் பயறு வேகவைத்து, மசித்து, சர்க்கரை போட்டுக் கிண்டுகிறேன். கரண்டி இழுத்த கோடு மூடாமல் நிற்கும் பதம் வரை கிண்ட வேண்டும். முன்பெல்லாம் அந்தப் பதம் வருவதற்குள் ஹாலில் இருந்து குரல் வந்துவிடும், ஓட்டமாக ஓடுவேன். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் கோடு நிற்கும்போது என் கால் தானாக வாசல் பக்கம் திரும்புகிறது. கூட வேலை செய்கிற பெண், "யாரையாவது எதிர்பார்க்கறீங்களா?" என்று கேட்டாள்.

அறையில் கதவு இருக்கிறது. முதல் நாள் சாத்தினேன். மூச்சு முட்டியது, எழுந்து போய்த் திறந்துவைத்தேன்.

கிளம்பும்போது "போயிட்டு வரேம்ப்பா" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் தூங்குவதாக நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று.

சாப்பிடுகிறாரா? ஒரு வரி போதும். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

சுண்டு


ஏப்ரல் 13

சுண்டு,

ஒரு வரி போதுமாம். எனக்குப் பத்தாது, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாம நாக்கு தடிச்சுப் போச்சு.

முதல் நாள் வாய் பூட்டு. எங்க டாக்டர்கிட்ட கத்துக்கிட்ட வித்தை ஒண்ணு இருக்கு. திறக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிற வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது, வேற எதையாவது பேசவைக்கணும். நான் உட்கார்ந்து அவர் பையனைத் திட்ட ஆரம்பிச்சேன். சோம்பேறி, பொறுப்பில்லை, அப்பாவை மாதிரியேன்னு. "அப்பா"ன்னதும் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். ஸ்பூன் உள்ளே போச்சு.

ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வந்து ஸ்பூனை நீட்டறார், வாய் திறக்கலை. பக்கத்து வீட்டு அம்மா வந்தாங்க, திறக்கலை. நான் எடுத்தா மட்டும் திறக்குது. கடைக்குப் போயிட்டு வந்தா முகம் சுவர்ப் பக்கம். "எங்கே போனே?" ரேடியோதான், நீ சொன்னது சரி. என் லீவு முடிஞ்சுபோச்சு. ராத்திரி உன் பாயில படுத்துக்கிட்டு, இவ ரெண்டு வருஷம் இங்கே எப்படிடா இருந்தான்னு அழுதேன். உன் மேல கோபமாவும் வந்துச்சு, தப்பிச்சுட்டியேன்னு.

நேத்து பன் செஞ்சேன். எல்லாத்துக்கும் எள்ளு, தாராளமா. ட்ரேயை அந்த மேஜையில வெச்சுட்டு, கதவைச் சாத்திட்டுப் படிக்கட்டுல போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து பார்த்தா மீசை சுத்தம், உதடு சுத்தம். ட்ரேயில இடைவெளி தெரியலை. நானே தப்பா எண்ணிட்டேன் போலன்னு நினைச்சேன். ராத்திரி இருமல் மருந்து ஊத்த மூடியை எடுத்தேன். மூடிக்குள்ள குட்டிக் குவியலா கறுப்பு எள்ளு. ஒண்ணு விடாம பொறுக்கிப் போட்டிருக்கார், சுண்டு. உன் துண்டுல மாட்டினதை மறக்கலை மனுஷன்.

எள்ளைப் பொறுக்கற கையைத்தான் நாம எல்லாரும் செத்த கைன்னு சொல்லிக்கிட்டிருக்கோம்.

கேட்கலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உன் லெட்டர் ஞாபகம் வந்துச்சு. கேட்கலை. இன்னைக்குக் காலையில ஊறவைக்கறதுக்கு முன்னாடி பயறை ஒரு தட்டுல கொட்டி அவர் மடியில வெச்சேன். "மாமா, கல் பொறுக்கித் தாங்க, எனக்குக் கண்ணாடி மாத்தணும், சரியாத் தெரியலை"ன்னு சொன்னேன். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பதிலுக்குக் காத்திருக்காம செருப்பை மாட்டிக்கிட்டுத் தெருவுல இறங்கிட்டேன். பயந்துக்கிட்டேதான் நடந்தேன். கடைவீதி கோடி வரைக்கும் போய், ஒண்ணும் வாங்காம திரும்பினேன்.

வந்து பார்த்தா பயறு ஒரு பக்கம். சொத்தை ஒரு பக்கம். கல்லெல்லாம் தட்டோட விளிம்புல வரிசையா, வாட்சு திருகாணி அடுக்கற மாதிரி. எங்கே போனேன்னு கேட்கலை. கல்லைக் காட்டினார். "கண்ணாடி மாத்து"ன்னார். குழறலே இல்லை.

அப்புறம் என் கண்ணு முன்னாடியே ஒரு பன்னை எடுத்துச் சாப்பிட்டார். எள்ளோட. நான் பயறைக் கழுவற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன். சாப்பிடட்டும், யாரும் பார்க்கலைன்னே இருக்கட்டும்.

இதனால நான் விடுதலை ஆயிட்டேன்னு நினைக்காதே. எழுந்திருக்க, பாத்ரூமுக்கு, எல்லாத்துக்கும் ஒரு ஆள் வேணும். உங்க அண்ணனுக்கு ஃபோன் போட்டு, "கீழ்த்தள வீடா பாருங்க, அது வரைக்கும் நீங்க பாதி நாள், நான் பாதி நாள், இல்லைன்னா கதவைப் பூட்டிட்டு வந்துடுவேன்"னு சத்தமாவே சொன்னேன், மாமா காதுல விழட்டும்னு. வழக்கம் போல "பார்க்கலாம்"னார். ஹால்ல இருந்து மாமா குரல் வந்துச்சு. "வரச் சொல்லு." மாசக் கடைசி சனிக்கிழமை வரார்.

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணி,

மாவு மூட்டை மேல் உட்கார்ந்துதான் படித்தேன். கல் பொறுக்கின இடத்தில் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். இரண்டு வருடம் அந்த மடி காலியாகத்தான் இருந்தது. நான் பயறைச் சமையலறையில் நின்று நானே பொறுக்கினேன், கண் வலிக்க வலிக்க. ஒரு தட்டை எடுத்து அங்கே வைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் நீட்டினதெல்லாம் ஸ்பூன்தான். அவர் வாயை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதைத்தான் பூட்டினார்.

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தைப் படித்ததுமே மேலே அறைக்கு ஓடிப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன். முழுதும் படித்த பிறகு மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நான் வரமாட்டேன், அண்ணி. சனிக்கிழமை அண்ணன் வந்ததும் நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உட்கார்ந்து பேசறது, அழறது, பரிமாறிட்டுப் போறது ஒண்ணும் வேண்டாம்.

அண்ணனுக்கு ஊட்டத் தெரியாது. நல்லதாய்ப் போயிற்று.

அடுத்த தடவை பன் சுடும்போது ட்ரேயை ஓவனில் தள்ளுவதற்கு முன் அவர் மடிக்குக் கொண்டுபோங்கள். நடுவில் அழுத்த ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். தட்டு தொடும்வரை அழுத்தச் சொல்லுங்கள், பாவம் பார்க்க வேண்டாம்.

லீவு கிடைத்தால் வருவேன். விருந்தாளியாக, கதவைத் தட்டிவிட்டு வருவேன். அன்றைக்கு எனக்கு ஒரு பன் எடுத்துவையுங்கள். எள்ளை யாரும் பொறுக்கக் கூடாது என்று ஹாலில் கேட்கிற மாதிரி சொல்லிவையுங்கள்.

சுண்டு